கிளமெண்டைனை விட்டு ஸ்ட்ராபெரிக்கு மாறலாமா? மைக் செட்காரர் மகனுக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இதுதான். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். லேப்டாப்பில் லினக்ஸ், பாட்டுப் போட ஏழெட்டு வருடமாகக் கிளமெண்டைன், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருபதாயிரம் பாட்டு. ஸ்ட்ராபெரி என்ற இன்னொரு ப்ளேயரில் என்னென்னவோ புதிதாக வந்திருக்கிறது என்கிறார்கள், அமராக் என்ற பழைய ப்ளேயர் வேறு திரும்ப வந்துவிட்டது. மாறலாமா, மாறினால் அப்பாவுக்கு என்ன பிரயோஜனம்?

மாறலாம். ஆனால் ஒரே ஒரு வசதிக்காக மாறுங்கள்: பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்கும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வசதி. மற்றதெல்லாம் கூடுதல்தான். நான் பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், நோம்பி நாளில் மாமாவின் மைக் செட்டுக்கு ராத்திரி ஆள், அதனால் உங்கள் அப்பாவின் கஷ்டம் எனக்கும் தெரியும்.

மூன்றும் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே ஒரே கூட்டத்துப் பங்காளிகள். லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்யும் கேடிஈ ஆட்களின் அமராக் 1.4 தான் மூத்த வீடு. 2008 டிசம்பரில் 2.0 வந்தபோது வீட்டையே இடித்துக் கட்டிவிட்டார்கள், பழைய அமைப்பில் பழகியவர்கள் பலருக்கு அது ஒட்டவேயில்லை. அந்த 1.4-ஐ அடியாக வைத்து 2010-ல் வந்ததுதான் கிளமெண்டைன். அதன் முறையான கடைசிப் பதிப்பு 1.3.1, அது வந்தது 2016-ல். அதற்கப்புறம் வந்ததெல்லாம் கிளமெண்டைன் 1.4-ன் முன்னோட்டங்கள்தான். 2018-ல் யோனாஸ் க்விங்கே என்பவர் கிளமெண்டைனிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போய் ஸ்ட்ராபெரியை ஆரம்பித்தார். மூத்த வீடான அமராக் இதற்கிடையே பூட்டிக் கிடந்தது. 2018-ல் 2.9 வந்ததோடு சரி, ஆறு வருடம் கழித்து 2024 ஏப்ரலில்தான் 3.0 வந்தது. 2025-ல் வந்த 3.3-ல், திரையைக் கட்டும் கருவித்தொகுப்பான க்யூட்டியின் 6-ம் பதிப்புக்கு மாறி, ஒலி எஞ்சினையும் போனானிலிருந்து ஜிஸ்ட்ரீமருக்கு மாற்றியிருக்கிறார்கள், அதாவது உள்ளே இருக்கும் மோட்டாரையே மாற்றிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாட்டு ஓடும்போது பக்கத்தில் பாடல் வரி, பாடகர் விவரம் என்று காட்டுகிற அமராக் உட்கார்ந்து கேட்கிறவனுக்கானது. பந்தலுக்குப் பின்னால் கொசுக்கடியில் நின்றுகொண்டு அடுத்த பாட்டைத் தேடுகிறவருக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம். சரி, அமராக்கை இதோடு விட்டுவிடுவோம்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழைய பக்திப் பாட்டு ஒன்று ஓடும், ரெக்கார்டிலிருந்து எடுத்தது, சத்தம் கம்மி. யாராவது ஒரு பெரியவர் வந்து "ஏனுங்க, பாட்டே கேக்கமாட்டீங்குதுங்களே" என்பார். அப்பா ஆம்பிளிபயரில் வால்யூமைத் திருப்புவார். அடுத்ததாக இந்த வருடத்துக் குத்துப்பாட்டு ஒன்று வந்து விழும், குழாய் கிழிகிற மாதிரி அலறும், தொட்டிலில் கிடக்கிற குழந்தை எழுந்துவிடும், திட்டு அப்பாவுக்கு. இரண்டு பாட்டுக்கும் பத்து டெசிபெல் வித்தியாசம் என்பது ரொம்பச் சாதாரணம், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

இதற்கு 2001-லேயே ரீப்ளேகெயின் என்று ஒரு வழி வந்துவிட்டது. பாட்டின் சராசரிச் சத்தத்தை அளந்து, எவ்வளவு கூட்டவேண்டும், குறைக்கவேண்டும் என்ற எண்ணைப் பாட்டுக் கோப்பின் டேக்கிலேயே, அதாவது பாட்டின் பெயர், பாடகர் விவரமெல்லாம் இருக்கும் இடத்திலேயே, எழுதி வைப்பது. கிளமெண்டைன் அந்த எண்ணைப் படிக்கும், ஆனால் தானாக அளக்காது. வேறொரு மென்பொருளை ஓட்டி இருபதாயிரம் பாட்டுக்கும் எழுதியிருந்தால்தான் வேலைக்காகும், யார் செய்தோம்? நானும் செய்யவில்லை. 2023 ஜூலையில் வந்த ஸ்ட்ராபெரி 1.0.18-ல்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் ஈபியூ ஆர் 128 என்ற அளவுமுறையைச் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2010-ல் கொண்டுவந்தது அது. டிவியில் நிகழ்ச்சி மெதுவாகவும் விளம்பரம் காட்டுக்கத்தலாகவும் வருவதை ஒழுங்குபடுத்தத்தான். உச்சியில் அடிக்கிற ஒரு அடியைப் பார்க்காமல், காது எப்படிக் கேட்கிறதோ அப்படி எடைபோட்டு, நடுவில் வரும் மௌனத்தைக் கணக்கில் சேர்க்காமல், மொத்தப் பாட்டின் சத்தத்தை ஒரே எண்ணாகச் சொல்கிறது. ஸ்ட்ராபெரி தானே அளந்து தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும், உங்கள் கோப்பைத் தொடாது.

இதை இரண்டு இடத்தில் போட்டுவிட வேண்டும், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று நானே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். செட்டிங்ஸில் கலெக்‌ஷன் பக்கத்தில் அளப்பதற்கான டிக், பேக்எண்ட் பக்கத்தில் அளந்ததை வைத்துச் சமன் செய்வதற்கான டிக். இரண்டையும் போட்டுவிட்டு டூல்ஸ் மெனுவில் முழு ரீஸ்கேன் கொடுங்கள். பாட்டு முழுவதையும் படித்துத்தான் அளக்கும், ஆகவே இருபதாயிரம் பாட்டு என்றால் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள், பழைய லேப்டாப் என்றால் அடுத்த நாளும் ஓடும். ரீப்ளேகெயின் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிக் குறைத்துக் கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம் ஒன்று, இதில்தான் அப்பா உங்களோடு சண்டைக்கு வருவார். இலக்கு அளவு −23 என்று இருக்கும். போட்டவுடன் எல்லாப் பாட்டும் சத்தம் குறைந்துபோன மாதிரித் தோன்றும். உண்மையில் புதுப் பாட்டுகள்தான் கீழே இறங்கியிருக்கின்றன. உடனே போய் −23-ஐ −12 என்று ஏற்றிவிடாதீர்கள். −23 என்றால் சராசரிச் சத்தத்துக்கு மேலே இருபத்துமூன்று டெசிபெல் இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம், உடுக்கை, பறை, ஜமாப் மாதிரி பட்டென்று எழும்பும் அடிகளுக்கு அந்த இடம் வேண்டும். அதை ஏற்றினால் அடி உச்சியில் முட்டிக் கிழியும். லேப்டாப்பில் விட்டுவிட்டு ஆம்பிளிபயரில் ஒரு தடவை ஏற்றி வையுங்கள், அதற்கப்புறம் ராத்திரி முழுக்க அதைத் தொட வேண்டியதில்லை. எங்கள் மாமா முதல் நாள் நம்பவில்லை, வால்யூம் குமிழ் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு மேல் கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்தது எந்த வழியாகச் சத்தம் வெளியே போகிறது என்பது. போன வருடம் ஒரு கல்யாணத்தில், இணைச்சீர் நடக்கிற நேரம், மண்டபத்தின் மொத்த ஸ்பீக்கரிலும் லேப்டாப்பின் 'டிங்' அடித்தது, யாரோ எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன். ஸ்ட்ராபெரியின் பேக்எண்ட் பக்கத்தில் எந்தக் கருவி வழியாகப் பாட்டுப் போகவேண்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டு யூஎஸ்பி கார்டு வழியாக ஆம்பிளிபயருக்கு, மற்ற சத்தமெல்லாம் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. இது கிளமெண்டைனிலும் ஓரளவு முடியும், புது வசதி என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் புண்ணியமில்லை.

அதே மாதிரி பழைய வசதி, பலர் கவனிக்காதது, 'இந்தப் பாட்டோடு நிறுத்து' என்பது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து ஆரம்பிக்கிற நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லமுடியாது, அதைப் பாடுகிற குடிமகன், அதாவது ஊர் நாவிதர், வந்து நின்றவுடன் பாட்டு நிற்கவேண்டும், அதுவும் வெடுக்கென்று நடுவில் அறுந்தால் அசிங்கம். பாட்டின்மேல் வலது கிளிக் செய்தால் அந்த வரி இருக்கும். அவசரம் என்றால் நிறுத்தும்போது சத்தம் மெல்ல இறங்கும்படி செட்டிங்ஸில் ஃபேட் போட்டு வையுங்கள், இரண்டு விநாடி போதும். கரண்ட் போய், ஜெனரேட்டர் போடுவதற்குள் பேட்டரி செத்த பழைய லேப்டாப்பும் அணைந்துவிடுமே, அதற்காக, திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்து பாடும் டிக் ஒன்றும் இருக்கிறது.

கேசட் பற்றிக் கேட்டிருந்தீர்கள், தாத்தா காலத்து அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டு முப்பது கேசட் இருக்கிறது, என்ன செய்ய என்று. தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள், ப்ளேயரை மாற்றுவதெல்லாம் அப்புறம். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பதினெட்டு இரவு பாடவைத்து டேப்பில் எடுத்தார், அதனால்தான் அந்தக் குரல் இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் வீட்டு கேசட்டில் இருப்பது வேறொரு பாடகரின் பாட்டு, அது வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். சிடி தரத்தில் ஸ்டீரியோவாக எடுத்தால் சுமார் 475 எம்பி, மோனோவாக எடுத்தால் அதில் பாதி, உடுக்கடிப் பாட்டுக்கு மோனோவே தாராளம். அதை ஃபிளாக்காக மாற்றினால் தரம் துளியும் குறையாமல் இன்னும் சுருங்கும். எம்பி3-யாக மட்டும் எடுத்து வைத்துவிட்டு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

எடுத்த ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டவும் வேண்டாம். வெட்டினால் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, குறிப்பாக எம்பி3-யில், ஒரு சின்ன இடைவெளி விழ வாய்ப்பு உண்டு, உடுக்கையின் தாளம் அங்கே தடுக்கும். அதற்குப் பதில் க்யூ ஷீட் எழுதுங்கள். வெறும் நோட்பேடில் எழுதும் கோப்புதான்: எந்த ஒலிக்கோப்பு, முதல் பகுதியின் பெயர், அது தொடங்கும் நேரம், இரண்டாவது, மூன்றாவது என்று. நேரத்தை நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று எழுதவேண்டும், ஒரு விநாடிக்கு 75 ஃபிரேம், கடைசி இடத்தில் சுழியமே போட்டுவிட்டாலும் பரவாயில்லை. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பகுதிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஸ்ட்ராபெரி அதைப் படித்து, ஒரே கோப்பைப் பத்துப் பாட்டு மாதிரிக் காட்டும். பாட்டும் பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் கிராஸ்ஃபேட் போட்டிருந்தாலும், ஒரே ஆல்பத்துக்குள், ஒரே க்யூ ஷீட்டுக்குள் அதைச் செய்யாதே என்று சொல்ல ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட மறக்காதீர்கள்.

இனி தேடல். புது ஸ்ட்ராபெரியில் தேடும் பெட்டி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், இயர், ரேட்டிங் என்று எந்தப் புலத்தில் தேட வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் முன்னால் போட்டு ஒரு முக்காற்புள்ளி வைத்தால் அந்தப் புலத்தில் மட்டும் தேடும். 1990-க்கு முந்தையது, மூன்று நட்சத்திரத்துக்கு மேலே, இந்தப் பாடகர் வேண்டாம் என்று பெரிது சிறிது குறிகளும் கழித்தல் குறியும் அடைப்புக்குறியும் போட்டுச் சேர்த்துக் கேட்கலாம். இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் உங்கள் டிஸ்க்கில் டேக் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? எனக்குப் பார்க்காமலே தெரியும். பாடகர் இடத்தில் பாட்டை இறக்கிய வெப்சைட்டின் பெயர், ஆல்பம் இடத்திலும் அதே பெயர், வருடம் காலி, இளையராஜா என்பது ஆங்கிலத்தில் ஐந்து விதமான எழுத்தில். இருபதாயிரம் பாட்டை வைத்துக்கொண்டு ஒரே பாடகர் பாடியது போல ஒரு வெப்சைட்டின் பெயரை அது வரிசையாகக் காட்டும்.

தமிழ் டேக்கில் இன்னும் இரண்டு மூன்று சிக்கல் உண்டு, இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எம்பி3-யின் பழைய ஐடி3 முதல் பதிப்பு டேக்கில் பாட்டின் பெயருக்கு முப்பது பைட்தான். தமிழுக்கு அதில் இடமே கிடையாது, யாராவது யூடிஎஃப்-8-ஐத் திணித்தாலும் ஒரு குறிக்கு மூன்று பைட், 'கொங்கு' என்ற ஒரு சொல்லே பதினெட்டு பைட்டைத் தின்றுவிடும். ஆகவே இரண்டாம் பதிப்பு டேக்கில்தான் எழுதவேண்டும். தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்தாக ஒரு குவியல் தெரிந்தால் அது பெரும்பாலும் திஸ்கி மாதிரி பழைய எழுத்துருக் காலத்துத் தமிழ், அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், 'கெ' எழுதி அதன் பின்னால் ஒரு காலைத் தனியாக ஒட்டியும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுதான், உள்ளே வேறு வேறு. 'கௌரி'யில் 'கௌ'வுக்குப் பதில் 'கெ' போட்டு 'ள' போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அடித்தது ஒரு விதம், டேக்கில் இருப்பது இன்னொரு விதம் என்றால் பாட்டு கண்முன்னே கிடந்தும் தேடலில் அகப்படாமல் போகும். அப்படி ஒரு பாட்டு சிக்கவில்லை என்றால் ப்ளேயரைத் திட்டாமல் அந்த டேக்கை ஒரு தடவை உங்கள் கையால் அடித்துச் சேமித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் கிட்3 என்ற டேக் திருத்தி இருக்கிறது, லினக்ஸில் சாதாரணமாகக் கிடைக்கும், ஒரு ஃபோல்டரையே தேர்ந்தெடுத்து மொத்தமாகத் திருத்தலாம். படப்பாட்டுகளுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு ஒலியைக் கேட்டே அடையாளம் காண முயலும், தெரிந்த படத்துக்குச் சரியாக வரும், நம் ஊர் கும்மிப் பாட்டுக்கும் கோயில் பாட்டுக்கும் ஒன்றும் வராது. எல்லாவற்றையும் திருத்தவேண்டும் என்று உட்காராதீர்கள், முடியாது. அப்பா அடிக்கடி போடுகிற ஐந்நூறு பாட்டை மட்டும் எடுத்து, ஜானர் (பாட்டு வகை) புலத்தில் அம்மன், முருகன், கல்யாணம், சீர், காதுகுத்து என்று எழுதுங்கள். ஸ்மார்ட் ப்ளேலிஸ்ட்டில் 'ஜானர் அம்மன், கடைசி ஒரு வாரமாகப் போடாதது' என்று விதி கொடுத்தால் போட்ட பாட்டையே திரும்பப் போடுகிறார் என்ற பேச்சு வராது.

கிளமெண்டைனிலிருந்து மாறும்போது அதன் லைப்ரரி செட்டிங்ஸில் புள்ளிவிவரங்களைப் பாட்டுக் கோப்பிலேயே எழுதும் பொத்தானை முதலில் அழுத்துங்கள், இத்தனை வருடமாகச் சேர்ந்த நட்சத்திரமும் எத்தனை தடவை போட்டது என்ற கணக்கும் கோப்போடு வந்துவிடும். ப்ளேலிஸ்ட்டுகளைத் தனித்தனியாகச் சேமித்து இங்கே திறக்கவேண்டும். இழப்பதும் கொஞ்சம் உண்டு. பாட்காஸ்ட் இல்லை, திரையில் வண்ணம் வண்ணமாக ஆடும் காட்சி இல்லை, கிளமெண்டைனுக்கு இருந்த ஆண்ட்ராய்டு ரிமோட் இல்லை. அப்பா போனை வைத்துக்கொண்டு பந்தலின் அந்தக் கோடியில் நின்று பாட்டை மாற்றுகிறவர் என்றால் இந்தக் கடைசி ஒன்று உறைக்கும். போனையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேடிஈ கனெக்ட் போட்டுவிடுங்கள், நிறுத்த, தொடங்க, அடுத்ததற்குப் போக, சத்தம் கூட்டக் குறைக்க அது போதும். பாட்டைத் தேடிப் பிடித்துப் போட மட்டும் லேப்டாப்புக்கு வரவேண்டும்.

உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால் அதன் கடையில் கிடைப்பது வெளியான அன்றைக்கு உறைந்துபோன ஸ்ட்ராபெரி. 1.0.18-க்குக் கீழே இருந்தால் நான் சொன்ன சத்தச் சமன் அதில் கிடையாது, முதலில் எண்ணைப் பாருங்கள். புதியது வேண்டுமானால் ஸ்ட்ராபெரிக்காரர்களின் பிபிஏ (உபுண்டுவில் சேர்த்துக்கொள்ளும் தனிக் கிடங்கு) இருக்கிறது, எந்த லினக்ஸிலும் தனிப் பெட்டியாக ஓடும் ஃபிளாட்பேக்கும் இருக்கிறது. ஃபிளாட்பேக் என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஃபிளாட்சீல் என்ற சின்ன மென்பொருளை வைத்து அந்த டிஸ்க்குக்கு அனுமதி கொடுக்கவேண்டும். உங்கள் தம்பி மகன் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். மூல நிரல் எல்லோருக்கும் இலவசம்தான், ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கட்டித் தயாராக வைத்த பதிப்பை, பணம் கொடுத்து ஆதரிப்பவர்களுக்கு மட்டும்தான் தருகிறார்கள். சிலர் இதற்குச் சண்டை போடுகிறார்கள். ஸ்ட்ராபெரியின் கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லில் அதற்குத் தடையில்லை, ஒரு மனுசன் இத்தனை வருடமாக உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு ராத்திரி வாடகையில் அதற்குக் கொஞ்சம் ஒதுக்கினால் மைக் செட் ஒன்றும் மூழ்கிவிடாது.

இன்னும் ஒன்று, வரும் நோம்பிக்கு முந்தைய நாள் எதையும் மாற்றாதீர்கள். கிளமெண்டைன் அப்படியே இருக்கட்டும், இரண்டும் ஒரே லேப்டாப்பில் சண்டை போடாமல் இருக்கும். வேலையில்லாத ஒரு வாரத்தில் ரீஸ்கேன் முடித்து, வீட்டிலேயே குழாயைக் கட்டி ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.